சர்வீஸ் மெஷ்: வேண்டுமா, வேண்டுமென்றால் எது?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையின் மொத்த வியாபாரத்துக்கு ஓர் ஆர்டர் ஆப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மல்லிகை விலை சொல்ல ஒரு சர்வீஸ், இருப்பு பார்க்க ஒன்று, ஆர்டர் எடுக்க ஒன்று, பணம் வாங்க ஒன்று, வண்டி ஏற்பாட்டுக்கு ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று. சாதாரண நாளில் சத்தமில்லாமல் ஓடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விலை ஏறிக்கொண்டே இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறப்பார்கள், விலை சர்வீஸ் திணறும். அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் இருப்பு சர்வீஸ் அடுத்துத் திணறும், அதற்குப் பின்னால் ஆர்டர் சர்வீஸ். கோளாறு எங்கே தொடங்கியது என்று லாக்கைப் பார்த்தால் மூன்று இடத்திலும் "டைம்அவுட்" என்றுதான் இருக்கும்.

ஒரே புரோகிராமாக இருந்தபோது விலை கேட்பது ஒரு ஃபங்ஷன் கால். இப்போது அது நெட்வொர்க் வழியாகப் போகும் கால். நெட்வொர்க் என்றால் தாமதம் உண்டு, பாதியில் அறுவது உண்டு, நடுவில் யாராவது ஒட்டுக்கேட்கவும் முடியும். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது), ரீட்ரை (மறுபடி முயல்வது), டிஎல்எஸ் (என்கிரிப்ட் செய்த இணைப்பு), மெட்ரிக்ஸ் (ஓட்டத்தை அளக்கும் எண்கள்) எல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. ஆர்டர் ஜாவாவில், விலை கோ மொழியில், எஸ்எம்எஸ் நோட்.ஜேஎஸ்ஸில் என்றால் அதே வேலையை மூன்று மொழியில் மூன்று லைப்ரரி வைத்துச் செய்ய வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இந்த வேலையை ஆப் கோடிலிருந்து பிரித்து, பக்கத்தில் ஓடும் ஒரு பிராக்ஸியிடம் கொடுப்பதுதான் சர்வீஸ் மெஷ்.

சந்தைக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு கடைக்கும் ஒரு கணக்கப்பிள்ளை. சரக்கு உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். யார் அனுப்பினார்கள், எப்போது வந்தது, திருப்பி அனுப்ப வேண்டுமா என்பதெல்லாம் அவர் பாடு. கடைக்காரர் வியாபாரத்தை மட்டும் பார்ப்பார். இந்தப் பிராக்ஸிக்குப் பெயர் சைடுகார். எல்லாப் பிராக்ஸிகளையும் சேர்த்து டேட்டா பிளேன் என்பார்கள். அவற்றுக்கு விதிகளையும் சர்டிபிகேட்டையும் அனுப்பிக்கொண்டிருக்கும் மையப் பகுதி கன்ட்ரோல் பிளேன்.

ஒரு கால் போகும் பாதை

மெஷ் கருவிகளில் ஒன்றான இஸ்டியோவின் சைடுகார் முறையை எடுத்துக்கொள்வோம். ஆப் ஓடுவது குபர்னெட்டிஸில், அதாவது கன்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பில். அந்த மெஷின் கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட், சர்வீஸின் ஒவ்வொரு பிரதியும் ஒரு பாட். ஆர்டர் சர்வீஸ், இருப்பு சர்வீஸின் 8080 போர்ட்டுக்குச் சாதாரண ஹெச்டிடிபி கால் ஒன்றை அனுப்புகிறது. அந்தப் பாட் உள்ளே முன்பே போட்டு வைத்திருக்கும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் நெட்வொர்க் விதிகள்) விதி, அந்தக் காலைப் பிடித்து 15001 போர்ட்டில் காத்திருக்கும் என்வாய் என்ற பிராக்ஸியிடம் திருப்பிவிடுகிறது. இருப்பு சர்வீஸுக்கு எத்தனை பாட்கள் உயிரோடு இருக்கின்றன என்பது என்வாய்க்குத் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எம்டிஎல்எஸ் (இரு முனையும் சர்டிபிகேட் காட்டும் டிஎல்எஸ்) இணைப்பு போடுகிறது. எதிர்முனையில் இன்னொரு ஐபிடேபிள்ஸ் விதி அதை 15006 போர்ட்டுக்குத் திருப்புகிறது. அங்கே இருக்கும் என்வாய் சர்டிபிகேட்டைச் சரிபார்த்து, "ஆர்டர் சர்வீஸுக்கு இங்கே வர அனுமதி உண்டா" என்ற விதியைப் பார்த்து, பிறகுதான் உண்மையான ஆப்பிடம் கொடுக்கிறது. நடுவில் நடந்தது எதுவும் இரண்டு ஆப்களுக்கும் தெரியாது.

அந்தச் சர்டிபிகேட்டில் இருக்கும் அடையாளம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது சர்வீஸின் பெயரிலிருந்து வருவதில்லை. குபர்னெட்டிஸின் நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்த பகுதி), சர்வீஸ் அக்கவுண்ட் (பாட் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பது) இரண்டையும் வைத்து உருவாகிறது. ஆறு சர்வீஸும் ஒரே நேம்ஸ்பேஸில் "டிஃபால்ட்" சர்வீஸ் அக்கவுண்டில் ஓடினால், மெஷ் கண்ணுக்கு ஆறும் ஒரே ஆள்தான். "பணம் சர்வீஸை ஆர்டர் சர்வீஸ் மட்டும் கூப்பிடலாம்" என்று விதி எழுதினாலும் எஸ்எம்எஸ் சர்வீஸும் தாராளமாக உள்ளே போகும். மெஷ் போடுவதற்கு முன்பே சர்வீஸுக்கு ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் என்று பிரித்துவிடுங்கள். மெஷ் போடாவிட்டாலும் அது நல்ல பழக்கம்தான்.

மெஷ் போட்டாலும் தானாக வராத விஷயம் ஒன்று உண்டு: முழு டிரேசிங், அதாவது ஒரு ரிக்வெஸ்ட் எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்ற தடம். உள்ளே வந்த கால் எது, அதனால் வெளியே போன கால் எது என்று பிராக்ஸிக்கு இணைத்துப் பார்க்கத் தெரியாது. வந்த ரிக்வெஸ்டின் டிரேஸ் ஹெட்டரை எடுத்து, வெளியே அனுப்பும் ரிக்வெஸ்டில் ஆப்தான் ஒட்டி அனுப்ப வேண்டும். "கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்" என்ற விளம்பரத்தில் இது வராது.

முதலில், தேவையா?

எந்தக் கருவி என்ற கேள்விக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி இது. மதுரை ஐடி பூங்காக்களான இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ இருக்கும் எட்டுப் பேர் டீம், ஒரே மொழியில் எழுதிய ஆறு சர்வீஸை வைத்திருந்தால், பெரும்பாலும் தேவைப்படாது. அந்த மொழியின் நல்ல ஹெச்டிடிபி லைப்ரரியில் டைம்அவுட்டும் ரீட்ரையும் சரியாக வைத்து, நெட்வொர்க் பாலிசியால் யார் யாரைக் கூப்பிடலாம் என்று கட்டுப்படுத்தி, வாசலில் ஓர் இன்கிரஸ் (வெளியிலிருந்து வரும் கால்களைப் பிரித்துவிடும் நுழைவாயில்) வைத்தால் வேலை ஓடிவிடும்.

மெஷ் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடும் முறைகளில் ஒன்றான ஜிஆர்பிசி. இது ஹெச்டிடிபி 2 மேல் ஓடுவதால் ஓர் இணைப்பைத் திறந்து வெகுநேரம் அதிலேயே எல்லா ரிக்வெஸ்டையும் அனுப்பும். குபர்னெட்டிஸின் சாதாரண சர்வீஸோ இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான் பாட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். விளைவு: விலை சர்வீஸுக்கு ஐந்து பாட்கள் இருந்தும் ஒன்றிரண்டு மட்டும் கொதிக்கும், மற்றவை சும்மா இருக்கும். பாட் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தீராது. மெஷ் பிராக்ஸி ரிக்வெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் பிரித்துக் கொடுப்பதால் இது அன்றைக்கே தீரும். இரண்டாவது, "கிளஸ்டருக்குள் போகும் டேட்டாவும் என்கிரிப்ட் ஆக வேண்டும், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று காட்ட வேண்டும்" என்று ஆடிட்டோ வாடிக்கையாளர் ஒப்பந்தமோ கேட்பது. மூன்றாவது, பல மொழி, பல டீம். நான்காவது, புதிய பதிப்புக்கு நூற்றுக்கு ஐந்து ரிக்வெஸ்டை மட்டும் அனுப்பிப் பார்க்கும் கேனரி வெளியீடு. இதற்கு மட்டும் என்றால் நல்ல இன்கிரஸே பல நேரம் போதும்.

இந்த நான்கில் உங்களுக்கு வலிக்கும் ஒன்றை எழுதி வையுங்கள். அந்த ஒன்றுதான் கருவியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல். நாற்பது வரி ஒப்பீட்டு அட்டவணை போடும் டீம்கள் கடைசியில் அதிக டிக் வாங்கிய கருவியை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

செலவுக் கணக்கு

இஸ்டியோ சைடுகார் ஒவ்வொன்றும் எதையும் மாற்றாவிட்டால் 100 மில்லிகோர் (ஒரு கோரில் பத்தில் ஒன்று) சிபியுவும் 128 எம்பி மெமரியும் முன்பதிவு செய்துகொள்ளும். 40 பாட்கள் என்றால் 4 கோர், 5 ஜிபி. அவ்வளவும் பாட்களுக்கு மெஷினில் இடம் ஒதுக்கும் ஷெட்யூலர் கணக்கில் ஒதுக்கிவைத்ததாகிவிடும், உண்மையில் ஓடுவது அதில் கொஞ்சமாக இருந்தாலும் சரி. நான்கு கோர் மெஷின்களில் ஓடும் சிறிய கிளஸ்டருக்கு இது ஒரு முழு மெஷினுக்கு மேல். உங்கள் பாட் எண்ணிக்கையை வைத்து இந்தப் பெருக்கலை முதலில் போட்டுப் பாருங்கள்.

தாமதமும் கூடும். ஒவ்வொரு காலும் இரண்டு பிராக்ஸியைக் கடக்கிறது. கூடுவது பொதுவாகச் சில மில்லிசெகண்டுக்குள். மதுரையில் இருக்கும் போனிலிருந்து மும்பை டேட்டா சென்டருக்குப் போய்வரும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு ரிக்வெஸ்டுக்கு உள்ளே பத்து கால் தொடர்ச்சியாகப் போகும் வடிவமைப்பு என்றால் பத்து மடங்காகச் சேரும்.

பணம், தாமதம் இரண்டையும்விடப் பெரிய செலவு ஆள். இஸ்டியோவில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். பழைய பதிப்புக்கான ஆதரவு ஏறத்தாழ எட்டு மாதத்தில் முடிந்துவிடும். சைடுகார் முறையில் பதிப்பு மாற்றினால் எல்லாப் பாட்களையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய பிராக்ஸி வரும். இதை வருடா வருடம் யார் செய்யப்போகிறார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் மெஷைத் தள்ளிப்போடுங்கள்.

கருவிகள்

லிங்கர்டி. சர்வீஸ் மெஷ் என்ற பெயரையே பரவலாக்கியது இதுதான். பாயண்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது, 2018-இல் முழுவதுமாகத் திருத்தி எழுதியது. என்வாய்க்குப் பதில் ரஸ்ட் மொழியில் எழுதிய தன் சொந்தச் சின்னப் பிராக்ஸியை வைத்திருக்கிறது. மெஷுக்குள் வந்த பாட்களுக்கு இடையே எம்டிஎல்எஸ் கேட்காமலே வரும். ரிக்வெஸ்டைப் பிரிப்பதும் சும்மா சுற்று முறையில் இல்லை, வேகமாகப் பதில் சொல்லும் பாட் எதுவோ அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும். உங்கள் வலி ஜிஆர்பிசியோ என்கிரிப்ஷனோ என்றால் இதில் தொடங்குவதுதான் எளிது. ஒரு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: 2024 பிப்ரவரியிலிருந்து ஓப்பன் சோர்ஸ் பக்கத்தில் எட்ஜ் (அவ்வப்போதைய புதிய கோடு) வெளியீடுகள் மட்டும்தான். நிலையான வெளியீடு பாயண்டின் எண்டர்பிரைஸ் பதிப்பாக வருகிறது; 50 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு இலவசம் என்று அப்போது அறிவித்தார்கள். எடுக்கும் அன்றைக்கு உரிமத்தை மறுபடி படித்துவிட்டு எடுங்கள். ஐம்பதாவது ஆள் சேரும் நாளையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இஸ்டியோ. கூகுள், ஐபிஎம், லிஃப்ட் மூன்றும் சேர்ந்து 2017-இல் அறிவித்தது. 2023-இல், கிளவுட் ஓப்பன் சோர்ஸ் கருவிகளுக்கான சிஎன்சிஎஃப் அமைப்பின் பட்டியலில் முழுத் தகுதி பெற்றது. வழிமாற்றம், அனுமதி விதி, வெளியே போகும் காலுக்குக் கட்டுப்பாடு, பல கிளஸ்டர், விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்று கேட்டதெல்லாம் இருக்கும். அதற்கேற்ப எழுத வேண்டிய யாமல் அமைப்புக் கோப்புகளும் இருக்கும். ஆள் கிடைப்பதும், பிழைச் செய்தியைத் தேடினால் பதில் கிடைப்பதும் இதற்குத்தான் அதிகம்.

இப்போது இஸ்டியோ எடுப்பதாக இருந்தால் ஆம்பியன்ட் முறையைக் கட்டாயம் பாருங்கள். 2024 நவம்பரில் வந்த 1.24 பதிப்பில் இது நிலைபெற்றது. பாட் ஒன்றுக்கு ஒரு பிராக்ஸி என்பதற்குப் பதில், நோட் ஒன்றுக்கு ஸீடனல் என்ற ஒரு பிராக்ஸி. மேலே சொன்ன கணக்கப்பிள்ளை இப்போது கடைக்கு ஒருவர் இல்லை, சந்தின் எல்லாக் கடைக்கும் ஒருவர். எம்டிஎல்எஸ், எந்த அடையாளம் எங்கே போகலாம் என்ற அனுமதி, இரண்டையும் ஸீடனல் பார்த்துக்கொள்ளும். நேம்ஸ்பேஸில் ஒரு லேபிள் போட்டால் போதும், பாட் ரீஸ்டார்ட் வேண்டாம். ஹெச்டிடிபி அளவில் ரீட்ரை, வழிமாற்றம், பாதையைப் பார்த்து அனுமதி என்று போனால் வேபாயின்ட் என்ற தனி என்வாய் பிராக்ஸியை நிறுத்த வேண்டும். அதை நிறுத்தாமல் "கெட் ரிக்வெஸ்ட் மட்டும் அனுமதி" போன்ற விதியைப் போட்டால், ஸீடனலுக்கு அது புரியாது. பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் மறுத்துவிடும். விதியைப் போட்ட நிமிஷத்தில் சர்வீஸ் நின்றது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சிலியம். ஏற்கனவே கிளஸ்டரின் நெட்வொர்க்குக்குச் சிலியம் வைத்திருப்பவர்களுக்கு இது பக்கத்து வழி. லினக்ஸ் கெர்னல் உள்ளேயே இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சின்ன புரோகிராம்களை ஓட்டும் வசதி) மூலம் வேலை செய்யும். ஹெச்டிடிபி அளவு வேலைக்கு நோட் ஒன்றுக்கு ஓர் என்வாய். வயர்கார்டு என்ற நெட்வொர்க் என்கிரிப்ஷனை ஓர் அமைப்பை மாற்றியே போட்டுவிடலாம். ஆனால் வயர்கார்டின் சாவி நோட் ஒன்றுக்கு ஒன்று. ஒரே நோடில் இருக்கும் இரண்டு பாட்களுக்கு நடுவே போவது என்கிரிப்ட் ஆகாது. "சர்வீஸுக்குச் சர்வீஸ் அடையாளம் சரிபார்க்கப்படுகிறதா" என்று ஆடிட்டர் கேட்டால் வயர்கார்டைக் காட்டி ஆம் என்று சொல்ல முடியாது. கம்பி வழியே போவது மறைந்திருந்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே நிறைவு.

பாதி ஆப் குபர்னெட்டிஸில், பாதி பழைய விஎம்மில் என்றால் ஹாஷிகார்ப்பின் கன்சல், காங் தொடங்கிய கூமா இரண்டையும் பார்க்கலாம். கன்சல் 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றி முழு ஓப்பன் சோர்ஸிலிருந்து வெளியே வந்துவிட்டது. உள்ளே பயன்படுத்த இடைஞ்சல் இல்லை, போட்டித் தயாரிப்பு செய்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் ஆப் மெஷைப் புதிதாகத் தொடவே வேண்டாம், 2026 செப்டம்பர் 30-ஓடு அதை மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஓப்பன் சர்வீஸ் மெஷ் 2023-இலேயே நின்றுபோனது. பழைய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இந்த இரண்டும் இன்னும் இருக்கும்.

எதை எடுத்தாலும் வழிமாற்ற விதிகளை அந்தக் கருவியின் சொந்த வடிவில் எழுதாமல், முடிந்தவரை குபர்னெட்டிஸ் கேட்வே ஏபிஐயின் ஹெச்டிடிபி ரூட் வடிவில் எழுதுங்கள். லிங்கர்டி, இஸ்டியோ, சிலியம் மூன்றும் அதைப் படிக்கும். நாளைக்குக் கருவியை மாற்றினால் பாதி வேலை மிச்சம்.

போட்டுப் பார்க்கும் முறை

புரொடக்ஷனில் தொடங்காதீர்கள். ஸ்டேஜிங் கிளஸ்டரில், மெஷ் இல்லாமலே ஒரு லோடு டெஸ்ட் ஓட்டி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, பிழை விகிதம், பி99 தாமதம் (நூற்றுக்கு 99 ரிக்வெஸ்ட் அதற்குள் முடியும் நேரம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் கையில் இல்லாமல் மெஷ் போட்டால், பிறகு வரும் எல்லாக் கோளாறும் மெஷ் தலையில்தான் விழும்.

அடுத்து ஒரே ஒரு நேம்ஸ்பேஸ். பணம் சர்வீஸ் வேண்டாம். எஸ்எம்எஸ் சர்வீஸ் மாதிரி விழுந்தாலும் வியாபாரம் நிற்காத ஒன்று. சைடுகார் முறையில் லேபிள் போட்டால் மட்டும் எதுவும் நடக்காது, பாட் புதிதாகப் பிறக்கும்போதுதான் பிராக்ஸி ஏறும். ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுத்து, பாட் ஒவ்வொன்றிலும் கன்டெய்னர் ஒன்று கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதே லோடு டெஸ்டை மறுபடி ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள்.

எம்டிஎல்எஸ்ஸை உடனே கட்டாயமாக்காதீர்கள். இஸ்டியோவில் தொடக்க நிலை பெர்மிசிவ்; என்கிரிப்ட் ஆனதும் ஆகாததும் இரண்டும் உள்ளே வரலாம். எல்லா நேம்ஸ்பேஸும் மெஷுக்குள் வந்தபின், மெட்ரிக்ஸில் இன்னும் சாதாரண இணைப்பாக வருவது எது என்று தேடுங்கள். வழக்கமாக மாட்டுவது மெட்ரிக்ஸ் சேகரிக்கும் பிராமிதியஸ், மறந்துபோன ஒரு கிரான் ஜாப் (நேரம் வைத்து ஓடும் வேலை), வெளியே விஎம்மில் கிடக்கும் ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட். அவற்றுக்கு வழி செய்த பிறகுதான் ஸ்டிரிக்ட், அதாவது எம்டிஎல்எஸ் கட்டாயம்.

கடைசியாக, கன்ட்ரோல் பிளேனை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கால்கள் நிற்காது, பிராக்ஸி கடைசியாக வாங்கிய விதியை வைத்து ஓட்டும். புதிய பாட் கதை வேறு. இஸ்டியோவில் பாட் உருவாகவே மறுக்கும். லிங்கர்டியில் ஹெச்ஏ முறை (ஒன்று விழுந்தாலும் ஓடும்படி பல பிரதி வைப்பது) போடாவிட்டால் பிராக்ஸி இல்லாமலே பாட் எழும்பி நிற்கும், பார்க்க எல்லாம் பச்சையாகத் தெரியும். முகூர்த்த நாள் நெரிசலில் ஆட்டோஸ்கேலர் புதிய பாட் கேட்கும் நேரத்தில் இந்த வித்தியாசத்தை முதல்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

எங்கே உடையும்

டேட்டாபேஸ் இணைப்பு சரியாகப் பத்து செகண்ட் தாமதமாகிறதா? லிங்கர்டி ஒவ்வொரு இணைப்பிலும் முதல் சில பைட்டைப் பார்த்து என்ன நெறிமுறை என்று கண்டுபிடிக்கப் பார்க்கும். மைஎஸ்க்யூஎல்லில் சர்வர்தான் முதலில் பேசும். கிளையன்ட் பேசட்டும் என்று பிராக்ஸி காத்திருக்க, சர்வர் பேசட்டும் என்று கிளையன்ட் காத்திருக்க, பத்து செகண்ட் கழிந்து பிராக்ஸி கைவிட்டுச் சும்மா டிசிபியாக அனுப்பும். 3306 போன்ற வழக்கமான போர்ட்கள் ஏற்கனவே விதிவிலக்கில் இருக்கும். நீங்கள் 3307-இல் ஓட்டினால் அதை ஓபேக் போர்ட் (உள்ளே பார்க்காமல் அப்படியே அனுப்ப வேண்டியது) என்று குறித்துக்கொடுக்க வேண்டும். இஸ்டியோவில் போர்ட் பெயரையே டிசிபி, ஹெச்டிடிபி, ஜிஆர்பிசி என்று தொடங்கும்படி வைத்துவிட்டால் ஊகிக்கும் வேலையே இருக்காது.

ஜாப் (ஒருமுறை ஓடி முடியும் வேலை) முடிந்தும் முடியாத மாதிரி நிற்கும். ஆப் கன்டெய்னர் வேலையை முடித்துவிட்டது, பக்கத்தில் பிராக்ஸி ஓடிக்கொண்டே இருப்பதால் பாட் முடிவதில்லை. குபர்னெட்டிஸ் 1.29 முதல் நேட்டிவ் சைடுகார் வசதி (சைடுகாரைக் குபர்னெட்டிஸே அறிந்து நடத்துவது) இயல்பாகவே இருக்கிறது, 1.33-இல் நிலைபெற்றது. மெஷை அந்த முறையில் ஓட்டினால் ஜாப் முடிந்ததும் பிராக்ஸியும் போய்விடும். பிராக்ஸி எழும்பும் முன்பே ஆப் எழும்பி, முதல் கால் தோற்று விழும் தொல்லையும் அதோடு தீரும்.

ரீட்ரை பெருகும். கேட்வே ஆர்டரையும், ஆர்டர் இருப்பையும், இருப்பு விலையையும் கூப்பிடுகிறது. ஒவ்வொன்றும் மூன்று முறை முயலும் என்றால், திணறிக்கொண்டிருக்கும் விலை சர்வீஸுக்கு ஒரு ரிக்வெஸ்டுக்காக 27 கால் வந்து விழும். ஆப் லைப்ரரியிலும் ரீட்ரை, மெஷிலும் ரீட்ரை என்றால் இன்னும் மோசம். நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் இணைப்பே கிடைக்காத மாதிரிப் பிழைகளுக்கு இஸ்டியோ தானாக இரண்டு முறை மறுபடி முயலும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ரீட்ரை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். பணம் எடுக்கும் போஸ்ட் ரிக்வெஸ்டுக்கு, ஒரே ஆர்டர் எண் இரண்டுமுறை வந்தால் ஒருமுறைதான் பணம் பிடிக்கும்படி ஆப்பில் எழுதாதவரை, ரீட்ரை கூடவே கூடாது.

சர்டிபிகேட் ஆண்டுவிழா. லிங்கர்டியை அதன் கமாண்டால் நேரடியாக நிறுவினால் அது தானே உருவாக்கும் ரூட் (மூல), இஷ்யூவர் (பாட்களுக்கு வழங்கும்) சர்டிபிகேட் இரண்டுக்கும் ஆயுள் 365 நாள். பாட்களின் சர்டிபிகேட்டோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. மேலே இருப்பது காலாவதியானால் கீழே எதையும் புதுப்பிக்க முடியாது, கோடில் யாரும் எதையும் மாற்றாத ஒரு நாளில் எல்லாம் ஒன்றாக நிற்கும். ரூட்டை நீண்ட ஆயுளோடு நீங்களே உருவாக்கி, இஷ்யூவரை, சர்டிபிகேட்டைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜரிடம் விட்டுவிடுங்கள். காலாவதிக்கு 60 நாள் இருக்கும்போதே லிங்கர்டியின் செக் கமாண்ட் எச்சரிக்கும். அதைத் தினமும் ஓட்டி, எச்சரிக்கை வந்தால் டீம் குரூப்புக்கு மெசேஜ் போகும்படி ஒரு ஜாப் வைத்தால் போதும்.

மெஷைக் கழற்ற வேண்டி வந்தால் வரிசை முக்கியம். முதலில் ஸ்டிரிக்ட் விதிகளையும் அனுமதி விதிகளையும் எடுங்கள். அடுத்து நேம்ஸ்பேஸ் லேபிளை எடுத்து, ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுத்து, எந்தப் பாட்டிலும் பிராக்ஸி மிச்சமில்லை என்று பார்த்த பிறகு கன்ட்ரோல் பிளேனை நீக்குங்கள். தலைகீழாகச் செய்து இன்ஜெக்ஷன் வெப்ஹுக் (புதிய பாட்டில் பிராக்ஸியைச் சேர்க்கக் கன்ட்ரோல் பிளேனைக் கூப்பிடும் அமைப்பு) மட்டும் பின்தங்கிவிட்டால், இஸ்டியோ போல மறுக்கும் கருவியில், இல்லாத கன்ட்ரோல் பிளேனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புதிய பாட் எதுவும் எழும்பாது. அந்த நிலையில் மாட்டினால் மியூட்டேட்டிங் வெப்ஹுக் பட்டியலில் பழைய மெஷ் கருவியின் பெயரைத் தேடி, அதைக் கையால் அழிக்க வேண்டும்.